நிலவறையில் பக்குவமான கஸ்பார் மிராந்தா

மகளின் நிச்சயதார்த்தத்தில் வாயை விட்டுவிட்ட மறுநாள் காலையில், புன்னைத்துறை கஸ்பார் மிராந்தா தன் வீட்டு நிலவறைக்குள் இறங்கி, மூன்றாவது கல் தட்டில் வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்து, சுண்ணாம்பு மட்டையால் தன் இடது கன்னத்தில் தானே ஒரு வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு கண்ணை மூடினார். மூடியவர் இருபத்து நான்கு வருஷம் திறக்கவில்லை. பத்து மணிக் காப்பியை ஆற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க அவரைத் தேடிய மனைவி இக்னாசியா, கடைசியில் கீழே இறங்கிப் பார்த்தபோது, தட்டுக்கு மேலே ஆணியில் தொங்கிய சிலேட்டில் அவருடைய மணிமணியான கையெழுத்தில் இப்படி இருந்தது: 'கஸ்பார் மிராந்தா. 1989. இப்போது உகந்ததல்ல. அசைக்க வேண்டாம்.' இக்னாசியா அதை இரண்டு தடவை படித்தாள். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது, ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே அருள்நிறை மரியே ஜெபத்தை ஐந்து தடவை சொல்லி முடித்துவிடலாம். அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. முந்தின நாள் விருந்துப் பாத்திரம் அத்தனையும் கழுவாமல் கிடக்கும்போது இந்த மனுஷன் படுக்க நேரம் பார்த்தாரே என்று முணுமுணுத்தபடி அந்தக் காப்பியைத் தானே குடித்துவிட்டு மேலே ஏறினாள்.

கஸ்பாருக்குத் தொழில், புன்னைத்துறையில் நங்கூரம் போடுகிற கப்பல்களுக்குக் குடிதண்ணீரும் வெங்காயமும் உயிர் ஆடும் ஏற்றிக் கொடுப்பது. பைத்தியம், போர்ட் ஒயின். இருபத்திரண்டு வயசில் அவர் ஏற்றிய ஆடு ஒன்று நடுக்கடலில் இரட்டைக் குட்டி போட்டுவிட, அந்தச் சந்தோஷத்தில் திரும்பி வந்த போர்த்துக்கீசியக் கேப்டன் ஒருவர் அவர் கையில் ஒரு கறுத்த பாட்டிலைத் திணித்து, பத்து விரலையும் இரண்டு தடவை காட்டி, அத்தனை வருஷம் திறக்காதே என்று சைகை செய்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது. அதற்கப்புறம் எந்தக் கப்பல் வந்தாலும் கஸ்பார் முதலில் கேட்பது சரக்குப் பட்டியலை அல்ல, போர்ட் இருக்கிறதா, எந்த வருஷத்தது என்பதைத்தான். மதுவிலக்குக் காலத்தில் இதற்காகவே இல்லாத நெஞ்சுவலிக்கு டாக்டர் சீட்டு வாங்கி வைத்திருந்தார். முன்னொரு காலத்தில் சங்கு அடுக்கி வைத்த கிடங்காக இருந்த வீட்டு நிலவறையின் நீள நீளமான கல் தட்டுகளில், நூற்றுக்கு மேல் பாட்டில்கள் படுத்துக் கிடந்தன.

வீட்டுக்கு வருகிறவர் தப்ப முடியாது, பிடித்து உட்கார வைத்துச் சொல்லுவார். வெயிலும் மழையும் ஒத்துவந்த ஒரே ஒரு நல்ல வருஷத்துத் திராட்சையில் செய்து, அந்த வருஷத்தையே பெயராகச் சூட்டி அடைக்கிற சரக்கு அது. இளசில் வாயில் வைக்க முடியாது, துவர்க்கும், நாக்கைப் பிடுங்கும். இருட்டிலும் குளிர்ச்சியிலும் யாரும் அசைக்காமல் இருபது முப்பது வருஷம் படுத்தவாக்கில் கிடந்தால், முரட்டுத்தனமெல்லாம் கறுப்பு மண்டியாக ஒரு பக்கம் படிந்துபோய், மிச்சம் நிற்பது தேன். எது மேல்பக்கம் என்று தெரியத்தான் அந்தச் சுண்ணாம்புக் கோடு. புரட்டி வைத்துவிட்டால் மண்டி கலங்கி அத்தனை வருஷத் தவமும் பாழ். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்லுவார்: திறந்தால் இரண்டு நாள்தான், அதற்கு மேல் காற்றுப் பட்டு அடங்கிவிடும், ஆகையால் திறக்கிற நாள் அதற்குத் தக்க நாளாக இருக்க வேண்டும்.

தக்க நாள்தான் வந்தபாடில்லை. ஆயர் வந்து வீட்டில் சாப்பிட்டார், 'இன்னும் மூணு வருஷம் கிடக்கட்டும்' என்றார் கஸ்பார். கோயில் நூற்றாண்டு வந்தது, 'அதுக்குப் போய் இதையா' என்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் திறந்தது மொத்தம் பதினோரு பாட்டில், அதிலும் நான்கு, தக்கை தானாகக் கசிந்ததால் வேறு வழியில்லாமல் திறந்தவை. நல்ல மனுஷன்தான், யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்கிறவர், ஆனால் நாக்கு மட்டும் பாட்டிலில் அடைத்த முதல் வருஷத்துச் சரக்கு. உப்புக் குறைந்தால் ஒரு பேச்சு, உப்புக் கூடினால் இரண்டு பேச்சு. இக்னாசியா அதை இருபத்தேழு வருஷம் கேட்டாள். அவர்களுக்கு ஒரே மகள், ஹில்டா. அவள் பிறந்தது 1963, அது போர்ட்டுக்கும் அபூர்வமான வருஷம் என்பதால் கஸ்பாருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வருஷத்துப் பாட்டில் ஒன்றுக்காக இரண்டு கப்பலுக்குக் கடிதம் எழுதி, வந்ததும் மூன்றாவது தட்டு முழுவதையும் காலி செய்து அந்த ஒன்றை மட்டும் நடுவில் படுக்க வைத்தார். மகள் கல்யாணத்துக்குத் திறப்பது என்று ஊருக்கே தெரியும்.

நிச்சயதார்த்தத்தன்று நெய்வேலியிலிருந்து மாப்பிள்ளை வில்பிரட்டின் ஆட்கள் வந்திருந்தார்கள். எளிய குடும்பம், மாப்பிள்ளைக்கு மெஷின் வேலை. சாப்பிட்டு முடித்த உற்சாகத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா, "பொண்ணு பொறந்த வருஷத்துப் பாட்டில் ஒண்ணு இருக்காமே, கல்யாணத்துக்கு நமக்கெல்லாம் ஒரு வாய் கிடைக்குமில்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அதா?" என்றார் கஸ்பார். "அது அறுபத்து மூணுய்யா. அதைப் போயி இந்தக் கல்யாணத்துக்கா திறப்பாவ? அதுக்கு இது காணாது."

அவர் மனசில் கெடுதல் இல்லை. ஐந்து வருஷம் போனால் இன்னும் ருசிக்குமே என்கிற சேகரிக்கிறவனின் நப்பாசைதான் அப்படிப் பேச வைத்தது. ஆனால் வெற்றிலைத் தட்டோடு நின்ற ஹில்டாவுக்கு அந்த நப்பாசை கேட்கவில்லை, சொன்ன வார்த்தைதான் கேட்டது. தட்டைக் கீழே வைத்தாள். "அப்போ அந்தப் பாட்டிலுக்கே நல்ல மாப்பிள்ளையாப் பாத்துக் கட்டி வைங்க. உங்க வாயால தப்புன்னு சொல்ற வரைக்கும் இந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்றாள். மூன்று மணி பஸ்ஸில் மாப்பிள்ளை வீட்டாரோடேயே கிளம்பிப் போய்விட்டாள். மறுநாள் கஸ்பார் கீழே இறங்கி, மகளின் பாட்டிலை எடுத்துப் படியில் வைத்துவிட்டு, அது கிடந்த இடத்தில் தான் படுத்துக்கொண்டார்.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. கம்பவுண்டர் ராயப்பன் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "ஓடுது, ஆனா ஒண்ணும் அவசரப்படல" என்றார். சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற நோயில்பூசுதலைக் கொடுக்கலாமா என்று வந்த பங்குச்சாமி அரைமணி நேரம் பக்கத்தில் நின்று யோசித்து, இது நோயுமில்லை சாவுமில்லை, கொஞ்சம் நீளமான தவக்காலம் என்று வைத்துக்கொள்வோம் என்று தீர்த்துச் சொன்னார். ரேஷன் கடையில் பெயரை எடுப்பதா விடுவதா என்று குழப்பம் வந்தது. குமாஸ்தா அட்டையில் பென்சிலால் 'முதிர்ந்துகொண்டிருக்கிறார்' என்று எழுதிச் சர்க்கரையை மட்டும் நிறுத்திவிட்டார். அசைவு ஆகாது என்று ஊருக்கே தெரிந்திருந்ததால், ஐஸ் உடைக்கிற மெஷினைக் கடற்கரைக் கோடிக்கு மாற்றினார்கள், மாதா சப்பரம் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் பேண்டு வாத்தியம் ஊதுகிறவர்கள் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டு வெறும் விரலை மட்டும் ஆட்டிக்கொண்டு போனார்கள், வெடி போடுகிறவர்கள் கடலுக்குள் படகை எடுத்துப் போய்ப் போட்டார்கள். தெருவில் சண்டை வந்தாலும் குரல் எழும்பக் கூடாது. கிசுகிசுத்துச் சண்டை போடுவது பெரிய கஷ்டம் என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதிச் சண்டை அதிலேயே நின்றுபோயிற்று. தங்கள் வீட்டுக்காரரையும் ஒரு வருஷத்துக்காவது படுக்கப் போட முடியுமா என்று பெண்கள் இக்னாசியாவிடம் ஒருவர் பின் ஒருவராக வந்து கேட்டார்கள். ஏழெட்டு ஆண்கள் உண்மையாகவே வந்து காலியாக இருந்த தட்டில் படுத்தும் பார்த்தார்கள். மீன் குழம்பு வாசம் இறங்கியதும் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

ஹில்டாவின் கல்யாணத்துக்கு இக்னாசியா தனியாக நெய்வேலி போனாள். பாட்டிலைத் துவாலையில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துப் பத்து மணி நேரம் பஸ்ஸில் கொண்டுபோய் மகள் கையில் கொடுத்தாள். ஹில்டா அதை வாங்கி, தேங்காயெண்ணெய் டப்பாவுக்கும் வினிகர் பாட்டிலுக்கும் நடுவில் நிற்க வைத்தாள். டிசம்பரில் ஒரு கடிதம் வந்தது: 'கிறிஸ்மஸ் கேக்குக்கு உலர் திராட்சை ஊற வைக்க அந்தப் பாட்டிலை ஊற்றினேன். இங்கே எல்லாருக்கும் கேக் ரொம்பப் பிடித்தது.' நூற்றாண்டில் இரண்டு மூன்று தடவையே வாய்க்கிற ஒரு வருஷம் கேக்குக்குள் போன செய்தியை, இக்னாசியா கீழே போய் அவர் காதருகே நின்று, மெதுவாக, ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டினாள். அவருடைய மூச்சு அன்று ஒரு தடவை தாமதமாக வந்தது.

அதிலிருந்து தினமும் நாலு மணிக் காப்பியோடு கீழே இறங்குவது அவளுக்குப் பழக்கமாயிற்று. அவர் எதிரில் ஒரு மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மாதாக் கோயில் மணி வெடித்தது, கப்பல்கள் வருவது குறைந்தது, தனக்குச் சர்க்கரை வந்தது, ஹில்டாவுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போனது, மூன்றாவது தடவையும் போனது எல்லாவற்றையும் சொன்னாள். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவரிடம் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தது அவளுக்கு நினைவில்லை, நடுவிலேயே அவர் ஏதாவது சொல்லி வெட்டிவிடுவார். இப்போது வாக்கியங்கள் எல்லாம் முற்றுப்புள்ளி வரைக்கும் போயின. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அவளுக்கு அதுதான் இல்லறத்தின் நல்ல காலம். அவர் நிறம், பாட்டில் சரக்கைப் போலவே, கருநீலத்திலிருந்து செங்கல்லுக்கு மெல்ல மெல்ல இறங்கியது. முதல் வருஷங்களில் கிடங்கு முழுக்க நாவல்பழத் துவர்ப்பு வாசம் அடித்தது, பத்தாம் வருஷம் உலர்ந்த திராட்சை, பதினெட்டாம் வருஷம் புகையிலையும் தேனும் பழைய ஜெபப்புத்தகமும் கலந்த ஒரு வாசம்.

நடுவில் ஒரு விபத்து நடந்தது. பன்னிரண்டாம் வருஷம் ஈஸ்டருக்கு வெள்ளையடிக்க வந்த இரண்டு பேர், சுவரோரம் விட்டுப் போகக் கூடாதே என்கிற நல்லெண்ணத்தில் கஸ்பாரைத் தூக்கி வெளியே வைத்துச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு, மறுபடி வைக்கும்போது கோடு கீழே போகும்படி வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷ மண்டியும் கலங்கிவிட்டது. மூன்று மாதம் அவர் தூக்கத்திலேயே, "அறிவிருக்கா? கண்ணு எங்க இருக்கு?" என்று ஊரையே வைதுகொண்டிருந்தார். சந்தை வரைக்கும் கேட்டது. வெள்ளையடித்தவர்கள் இருவரும் அந்த மூன்று மாதமும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்த் திரும்பினார்கள். உபதேசியார் தொம்மை, இக்னாசியாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவள் முகத்தில் ஆறுதல் தேவைப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. அந்தக் குரலைக் கேட்டுப் பன்னிரண்டு வருஷமாகியிருந்தது அவளுக்கு.

பிறகு எல்லாம் மறுபடி தெளிந்தது. இருபது வருஷம் தாண்டியதும் ஊருக்குப் பொறுமை போய்விட்டது. புதுக் கோயில் திறப்புக்கு அவரைத் திறக்கலாமே என்று கமிட்டி வந்து கேட்டது. அடுத்து பங்குச்சாமிக்கு வெள்ளிவிழா, அடுத்து மேல்நிலைப்பள்ளித் திறப்பு. "இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்" என்றாள் இக்னாசியா. சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவளுக்கே உறைத்தது. திறந்தால் இரண்டு நாள், அந்த இரண்டு நாளுக்குப் பிறகு கவிழ்த்த மீன்கூடையில் உட்கார்ந்து யாரிடம் பேசுவது? ஹில்டாவை அழைத்து அப்பாவும் மகளும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு மனசு சொல்லும். நாலு மணி ஆனதும் இன்னொரு மனசு காப்பியோடு படியிறங்கிவிடும்.

இருபத்து நான்காம் வருஷம் ஆவணி மாதம், அவர் வலது கண்ணோரத்தில் ஊதா நிறத்தில் ஒரு துளி நின்றது. துடைத்தாள். மறுநாளும் நின்றது. தக்கை கசிய ஆரம்பித்தால் காத்திருக்கக் கூடாது என்று அவர் எத்தனை பேரிடம் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அவள் காப்பியைத் தொடவில்லை. மேலே வந்து நெய்வேலிக்குப் போன் போட்டாள்.

"அம்மா, என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள் ஹில்டா. அவளுக்கும் அப்போது ஐம்பது வயசு. "தப்புன்னு அவர் இன்னும் சொல்லல."

"வாயே திறக்காம கிடக்காவட்டி, எப்படிச் சொல்லுவாவ?"

"திறந்து வேற என்னத்தச் சொல்லப் போறாரு?"

"வியாழக்கிழம திறக்கப் போறேன்" என்றாள் இக்னாசியா. "நீ வந்தாலும் சரி, வரலேன்னாலும் சரி. வெள்ளிக்கிழம பொழுது சாயுற வரைக்கும்தான் இருப்பாவ. உனக்கும் அது தெரியும்." அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

திறப்பதற்கு முன் ஒரு முழு நாள் நிற்க வைக்க வேண்டும் என்பது முறை. புதன்கிழமை உபதேசியார் தொம்மையும் நான்கு பேருமாகச் சேர்ந்து, கோடு நகராமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு கஸ்பாரைத் தூக்கித் தூணோடு நிறுத்தி, பழைய பருத்திச் சேலையால் தளர்வாகக் கட்டினார்கள். தட்டில் ஆள் நீளத்துக்குக் கறுப்பு மண்டி பாறையாய்ப் படிந்திருந்தது. "இவ்வளவு கோவமா உள்ள வச்சிருந்தாரு" என்று தொம்மை சிலுவை போட்டுக்கொண்டார். வியாழன் காலையில் இக்னாசியா குளித்து, பாட்டிலைப் பார்ப்பது போல அவர் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியைப் பிடித்துக் கலங்கல் இல்லை என்று பார்த்தாள். எல்லாரையும் மேலே போகச் சொன்னாள். அவரை எழுப்ப அவளிடம் இருந்தது ஒன்றுதான், கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் ஒரு தடவைகூட வராத அவருடைய பெயர். அவசரப்படாமல், இழுத்து, அதைச் சொன்னாள்.

"கஸ்பார்."

அவர் கண்ணைத் திறந்தார். அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தார், வீங்கிய முழங்காலைப் பார்த்தார். "இஞ்ஞாசி, படியேறி இறங்க உனக்கு வலிக்காதா?" என்று கேட்டார். இக்னாசியா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே அழுதாள்.

அவரை மேலே அழைத்து வந்து கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அன்று பகல் முழுக்க ஊர் வந்தது. யாரும் அவரைத் தொந்தரவு செய்ய வரவில்லை, ஒரு வாய் பேச வந்தார்கள். யார் யாரை எப்போது என்ன சொல்லி நோகடித்தார் என்று அவருக்கே நினைவிருந்தது, ஒவ்வொருவரிடமும் அதை எடுத்துச் சொல்லி வருத்தப்பட்டார். வெள்ளையடித்தவர்களிடம் மூன்று மாதம் நடக்க வைத்ததற்காக மன்னிப்புக் கேட்டார், அவர்கள் இருவரும் தங்கள் மேல்தான் தப்பு என்று அவர் காலைப் பிடித்தார்கள். அவர் பேசினால் கேட்கிறவர்களுக்கு நெஞ்சுக்குள் இளஞ்சூடாக ஏதோ இறங்கியது. தெருவில் பெண்கள் காரணமில்லாமல் ஒருவருக்கொருவர் பழைய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டார்கள். கண் இருக்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு ஆள் வந்து போகவும் அவர் கொஞ்சம் குறைந்தார். சாயங்காலம் அவர் கையை இக்னாசியா பிடித்தபோது எடையே இல்லை. அவள் வாசலுக்கு வந்து, "போதும். நாளைக்கு யாரும் வராதிய. நாளை எனக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஊரில் ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு அவள் திட்டம் போட்டு வைத்திருந்தாள். காலையில் அவருக்குத் தலை வாரிவிடுவது, பத்து மணிக்கு இரண்டு தம்ளர் காப்பி, மதியம் நெத்திலிக் குழம்பு, வெயில் தாழ்ந்ததும் கடற்கரையில் போய் உட்காருவது, அங்கே அவரைப் பேசச் சொல்லித் தான் கேட்பது. இருபத்து நான்கு வருஷம் அவளே பேசியாயிற்று, இனி அவர் முறை. தலை வாரியாயிற்று, காப்பியும் ஆயிற்று. மதியச் சோறு வடித்து வைத்து அழைத்தபோது அவர் வாசலையே பார்த்துக்கொண்டு, பசிக்கவில்லை என்றார். அவள் குழம்பை மூடி வைத்தாள். இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தோளில் ஒரு பையும், பஸ் புழுதி படிந்த முகமுமாக ஹில்டா நின்றாள்.

"நான் அவரைப் பாக்க வரலம்மா" என்றாள். "திட்ட வந்திருக்கேன்."

கஸ்பார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பின்னால் இருந்த ஜன்னல் கம்பிகள் அவர் சட்டை வழியாக மங்கலாகத் தெரிந்தன. "ஹில்டா, தப்பு எம் மேலதான்" என்றார்.

"இருங்க" என்றாள் ஹில்டா. "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் ஆரம்பித்தாள். நிச்சயதார்த்தத்தில் தொடங்கினாள், அங்கிருந்து பின்னால் போய், எட்டாம் வகுப்பில் முதல் பரிசு வாங்கிவந்தபோது அவர் கப்பலைப் பார்க்கக் கிளம்பியது, அவளுக்குக் காய்ச்சல் அடித்த வாரம் கிடங்கில் சூடு ஏறிவிட்டதே என்று அவர் கவலைப்பட்டது, அவளுக்கென்று ஒரு தட்டையே ஒதுக்கிவிட்டு அவள் பக்கத்தில் ஒரு நாள்கூட வந்து உட்காராதது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பிறகு முன்னால் வந்து, அப்பா இல்லாமல் கோயிலுக்குள் நடந்ததைச் சொன்னாள். மூன்று தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு திரும்பியதைச் சொன்னாள். மூன்றாம் தடவை திரும்பிய நாளில் யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். குரல் உயர்ந்து, கரகரத்து, உடைந்து, மறுபடி உயர்ந்தது. அடுப்படியில் நின்ற இக்னாசியாவுக்குச் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. மூன்று அடித்தது, நான்கு அடித்தது, கடற்கரை நேரம் போயிற்று, ஐந்து அடித்தது. தன் நாள் துளித்துளியாக மகள் வாய்க்குள் போவதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். ஒரு தடவை, போதும்டி என்று சொல்லக் கூடத்து வாசல் வரைக்கும் போனாள். கஸ்பார் நாற்காலி நுனியில் சாய்ந்து, வாயை மூடி, கண்ணை மகள் முகத்திலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். வெட்டவில்லை. அந்த மனுஷன் ஒருத்தர் பேசுவதை அப்படிக் கேட்டு அவள் பார்த்ததே இல்லை. சத்தமில்லாமல் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

ஆறு மணிக்கு ஹில்டாவிடம் வார்த்தை தீர்ந்துபோயிற்று. அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, தொண்டை கட்டிப்போன குரலில், "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்கப்பா?" என்று கேட்டாள்.

"சாப்பிடலம்மா."

"ஏன்?"

"நீ வந்துருவேன்னு இருந்தேன்."

புதுசாகச் சோறு வடிக்க நேரமில்லை. இக்னாசியா மதியச் சோற்றையே தட்டில் போட்டு, நெத்திலிக் குழம்பை ஊற்றிக் கொண்டுவந்தாள். ஹில்டா எழுந்து தட்டைத் தாயின் கையிலிருந்து வாங்கி, முள் பார்த்து எடுத்து, பிசைந்து, அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் கைகள் தட்டைப் பிடிக்கிற நிலையில் இல்லை, அவை இருந்த இடத்தில் சாயங்கால வெளிச்சம்தான் இருந்தது. முதல் வாயை வாங்கிக்கொண்டார். இரண்டாவதை அவசரமாக வாங்கினார், மூன்றாவதை மென்று முடிப்பதற்குள் நான்காவதற்கு வாயைத் திறந்தார்.

"மெதுவாச் சாப்பிடுங்கப்பா" என்றாள் ஹில்டா. "நேரம் நிறைய இருக்கு."

மதியத்திலிருந்து அவள் சொன்னதிலேயே அந்த ஒன்றுதான் பொய். இக்னாசியா அதைத் திருத்தவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு வந்து, அவருடைய மறுபக்கத்தில் உட்கார்ந்தாள்.